இடப்பக்க இருக்கை

என் கணவருக்கு என் காரில் ஏறினால் தூக்கம் வந்துவிடும். ஈப்போவை விட்டுக் கிளம்பி சிம்பாங் பூலாய் தாண்டுவதற்குள் கண் சொருகும். கம்பார் வருவதற்குள் வாய் திறந்துகொள்ளும். அதன் பிறகு பாகான் டத்தோவில் என் அக்கா வீட்டு வாசலில் நான் ஹாரன் அடிக்கும்வரை மனிதர் இந்த உலகத்தில் இருக்கமாட்டார். இதைச் சொல்லிச் சொல்லியே சொந்தக்காரர்களில் பாதிப் பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். "நான் வாங்கினது காரு, அவருக்கு அது கட்டில்" என்பது என் வழக்கமான வசனம்.

அந்தத் தூக்கத்துக்கு எல்லோரிடமும் ஒரு காரணம் தயாராக இருந்தது. அவர் ஒரு தொழிற்சாலையில் ராத்திரி ஜாகா. மலேசியாவில் காவல்காரரை அப்படித்தான் சொல்வோம். நான் ஈப்போவிலேயே புந்தோங் பகுதியில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். விடிவதற்கு முன் நான் வேனை எடுக்கும்போது அவர் வேலையிலிருந்து வந்திருக்கமாட்டார். கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து, சோற்றை வடித்து இறக்கும்போது அவர் சீருடைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருப்பார். கட்டிய புருஷனோடு உட்கார்ந்து பேச எனக்கு வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் அந்தக் காரையே வாங்கினேன்.

அது என்னைவிட வயதில் மூத்த ஆங்கிலக் கார். வெளிர்பச்சை நிறம், உருண்டை முகம், குட்டி வால். கண்பார்வை மங்கிப்போன ஒரு சீன வாத்தியாரிடமிருந்து வாங்கினேன். வாங்கும்போது அதற்கு உயிர் இருந்தது, உடம்புதான் இல்லை. தகரம் ஒட்டியது, பெயின்ட் அடித்தது, இஞ்சினைப் பிரித்துப் பூட்டியது என்று எல்லாவற்றிலும் என் கை பட்டிருக்கிறது. பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்களுக்கு, வேனில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிற அதே குரலில் பதில் சொல்லியிருக்கிறேன். இரண்டாம் தடவை யாரும் கேட்டதில்லை.

வாங்கியபோது அதில் ஒரு ஹீட்டர் இருந்தது. ஈப்போ வெயிலில் ஹீட்டர்! பார்த்ததும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இஞ்சினிலிருந்து இரண்டு குழாய்கள் நடுவில் இருக்கும் தகரச் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்து, இடப்பக்கத்தில் உட்காருகிறவரின் காலுக்குச் சூடு கொடுக்குமாம். அன்றைக்கே கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு, அது இருந்த இடத்தில் புதுக் கார்ப்பெட் ஒட்டினேன். அந்தக் கார்ப்பெட்டைக் காட்டாமல் நான் யாரையும் வீட்டுக்கு அனுப்பியதில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் இஞ்சினைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கி, திருநீறு இட்டு, குங்குமம் வைத்து, சாம்பிராணி காட்டுவேன். வேனுக்கும் உண்டு, ஆனால் வேன் சோறு போடுகிற வண்டி, அதற்குச் செய்வது கடமை. காருக்குச் செய்வது ஆசை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்குத் தலைவலி என்று பேச்சு வந்தது. முதலில் எப்போதாவது. பிறகு ஞாயிறுதோறும். அக்கா வீட்டில் இறங்கியதும் ஈரத் துண்டை நெற்றியில் போட்டுக்கொண்டு ஹாலில் படுத்துவிடுவார். மீன் குழம்பு வாசனை வந்தால்கூட எழமாட்டார். கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். ரத்த அழுத்தம் பார்த்தார்கள், இனிப்பு நீருக்கு ரத்தத்தில் சர்க்கரை பார்த்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. ராத்திரி வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அக்கா ஒரே வார்த்தையில் திருஷ்டி என்றாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் காரையே பார்த்தால் உள்ளே இருப்பவனுக்குத் தலை வலிக்காதா என்பது அவள் கணக்கு.

ஒரு ஞாயிறு காலை நான் சாவியை எடுத்தபோது அவர் மோட்டார் சைக்கிள் தொப்பியை எடுத்தார்.

"இனிமே நான் கார்ல வரல லா. மோட்டர்ல பின்னால வாரேன்."

"ஏங்க, பார்க்கிறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். எனக்கு அந்த சீட்ல உக்காந்தாலே தல வெடிக்குது."

எனக்குக் கோபம் வந்தது. அதற்குக் கீழே வருத்தமும் இருந்தது, ஆனால் எனக்கு எப்போதும் கோபம்தான் முதலில் வரும். கதவை அறைந்து சாத்திவிட்டுக் கிளம்பினேன். பழைய சாலை முழுக்க நான் முன்னால் காரில், அவர் பின்னால் மோட்டாரில். கண்ணாடியில் அவர் தொப்பி சின்னதாகத் தெரிந்துகொண்டே வந்தது. நான் வண்டி ஓட்டும்போது பாடுகிறவள். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

பாகான் டத்தோவில் அக்கா வாசலுக்கு வந்து இரண்டு வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏண்டி, சண்டையா? ஒருத்தர் கார்ல, ஒருத்தர் மோட்டர்ல வாரீங்க?"

"அவருக்கு என் வண்டி ஒத்துக்கலையாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்றைக்கு அவர் மீன் குழம்பு ஊற்றி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அக்காவின் மாப்பிள்ளையோடு தென்னந்தோப்பைச் சுற்றி வந்தார், சீட்டு விளையாடினார், சத்தம் போட்டுச் சிரித்தார். வெயிலில் வெந்து வந்த ஆளுக்குத் தலைவலியே இல்லை. நிழலில், மெத்தை இருக்கையில், என் பக்கத்தில் வந்தால்தான் தலைவலி. அப்படியென்றால் தலைவலி நான்தானா என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

இந்த ஆத்திரத்தைத் திங்கட்கிழமை பாயிடம் போய்க் கொட்டினேன். பாய் புந்தோங் ஓரத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால், கித்தானுக்குக் கீழே, என் காரின் கூடப்பிறந்தது போல ஒரு கார் பாதி பிரித்துக் கிடக்கிறது. சாமான் கிடைக்காதபோது அவர் காரிலிருந்து என் காருக்கும் என் டப்பாவிலிருந்து அவர் காருக்கும் போகும் வரும். அப்படித்தான் பழக்கம்.

நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே தேநீரை உயர இழுத்து ஆற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"அக்கா, அண்ணனுக்கு ராத்திரி வேலையால தல வலிச்சா மோட்டர்லயும் வலிக்கணும்லா. கார்ல மட்டும் ஏன் வலிக்குது?"

"நானும் அதே கார்லதானே போறேன் பாய்? எனக்கு ஒன்னும் இல்லையே."

"நீங்க ஜன்னல எறக்கி விட்டு ஓட்டுவீங்க. அண்ணன் பக்கம்?"

அவர் ஜன்னலை ஏற்றித்தான் வைப்பார். காற்று முகத்தில் அடித்தால் தூக்கம் கெடும் என்பார்.

"காலையில ஸ்டார்ட் பண்ணா டிக் டிக்னு கேக்குதுன்னு சொன்னீங்களே, அது இன்னும் இருக்கா?"

இருந்தது. இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கேட்கும், ஓட ஓட அடங்கிவிடும். வால்வு இடைவெளிதான் என்று நினைத்து எத்தனையோ தடவை திருகிச் சரிசெய்திருக்கிறேன். பழைய வண்டி, கொஞ்சம் பேசிக்கொண்டுதான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பாய் குவளையைக் கீழே வைத்தார். "புகை எங்கயோ வெளிய வருதுக்கா. சைலன்சர் வரைக்கும் போக வேண்டிய புகை நடுவுல ஒழுகுது. இது வெறும் தலைவலி இல்ல. மூடுன கார்ல அதக் குடிச்சா ஆளு தூங்குற மாதிரியே போயிருவாங்க."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். தூங்குற மாதிரியே. கம்பார் வருவதற்குள் வாய் திறந்துகொள்ளும் என்று நான் சிரித்துச் சொன்ன ஒவ்வொரு தடவையும் என் காதுக்குள் திரும்ப வந்தது. அன்றைக்கு மாலை வேனில் பிள்ளைகள் போட்ட கூச்சல்கூட எனக்குக் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து பாய் கடையில் கூட்டம் ஓய்கிற நேரத்தில் என் வீட்டு போர்ச்சுக்கு வந்துவிடுவார். எரிந்த புகையை இஞ்சினிலிருந்து வாங்கிக் கீழே குழாய்க்குள் விடுகிற கிளைத்த இரும்பை மேனிபோல்ட் என்பார்கள். ஒழுகினால் முதலில் அதையும் இஞ்சினையும் சேர்க்கிற இடத்தில்தான் ஒழுகும். அங்கே அடைப்பாக இருந்த பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது போட்டோம். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தேன். டிக் டிக். எனக்கு அந்தச் சத்தத்தின் மீதே பகை வந்துவிட்டது.

பிறகு ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை இஞ்சின் மீது அங்குலம் அங்குலமாக நகர்த்திக் கேட்டோம். ஒழுகுகிற இடத்தில் சத்தம் கூட வேண்டும். எங்கே வைத்தாலும் கேட்டது. அடியில், பின்பக்கமாக எங்கிருந்தோ வந்து எல்லா இடத்திலும் எதிரொலித்தது.

"கரி படிஞ்சிருக்கும்லா. அத வச்சுக் கண்டுபிடிக்கலாம். எந்த எடத்துல கரி இருந்துச்சு?" என்று கேட்டார் பாய்.

"என் இஞ்சின்ல கரியா?" என்று நான் சிலுப்பிக்கொண்டேன். "வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம தொடைக்கிறேன் பாய். சாப்பாடே போட்டுத் திங்கலாம்."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா, புகை ஒழுகுற எடத்த அதுவே கரியால எழுதிக் காட்டும். நீங்க வாராவாரம் அழிச்சு, மேல திருநீறு வேற பூசி வச்சிருக்கீங்க."

கையிலிருந்த துடைக்கும் துணியைச் சுருட்டிப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

கரி மறுபடி படிய வாரக்கணக்கில் ஓட்ட வேண்டும். அதற்கு எனக்கு மனசு இல்லை. அந்த வெள்ளிக்கிழமை இஞ்சினைத் துடைக்கவில்லை, ஆனால் சாம்பிராணி போடாமல் இருக்க முடியவில்லை. தூபக்காலைக் கையில் வைத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தேன். இருக்கிற பயத்தில் வழக்கத்தைவிட அதிகமாகவே அள்ளிப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவர் போர்ச்சில் நின்று இருமினார்.

"வீடெல்லாம் போட்டாச்சு, ரோடெல்லாம் போட்டாச்சு. அந்தப் பைப்புக்குள்ளயும் போட வேண்டியதுதானே?"

எரிச்சலில் சொன்னதுதான். சொல்லிவிட்டு மோட்டாரை உதைத்துக்கொண்டு போய்விட்டார். நான் கையிலிருந்த தூபக்காலையும் வண்டியின் புகைக்குழாயையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு பாய்க்குப் போன் செய்தேன்.

மறுநாள் பிற்பகல் பாய் தன் கடையில் கரி அடுப்பை மூட்ட வைத்திருக்கிற சின்ன ஊதுவிசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு பால்மாவு டின்னில் இரண்டு ஓட்டை போட்டோம். தேங்காய்மட்டை நெருப்பை டின்னில் கொட்டி, மேலே சாம்பிராணி போட்டு, மூடினோம். ஓர் ஓட்டையில் விசிறியின் காற்று, இன்னொன்றிலிருந்து ஒரு தடித்த குழாய் வண்டியின் புகைக்குழாய்க்குள். சுற்றிலும் ஈரத்துணி வைத்து அடைத்தோம். இஞ்சின் குளிர்ந்துதான் இருந்தது. "எங்க வீட்லயும் வியாழக்கெழம சாயங்காலம் சாம்பிராணி போடுவோம்க்கா, ஆனா காருக்கு வயித்துக்குள்ள போட்டு இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்று பாய் சிரித்தார். என் கணவர் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

விசிறியைப் போட்டதும் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பாய் காருக்கு அடியிலிருந்து கத்தினார்.

"இங்கக்கா, இங்க! பின்னால வருது!"

மேனிபோல்ட் முடிந்து கீழ்க்குழாய் தொடங்குகிற இணைப்பில், அந்தத் தகரச் சுவர்ப் பக்கமாக, கண்ணும் கையும் எட்டாத மூலையில் வெள்ளையாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. இரண்டையும் கவ்விப் பிடிக்கிற பற்றுப்பட்டை தேய்ந்து, இணைப்பு ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் பாயின் காலைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்துவிடலாம் போல இருந்தது.

நாற்காலியில் இருந்தவர்தான் கேட்டார். "அங்க வர்ற புகை வெளியதானே போகணும்? எனக்கு எப்படி வருது?"

நியாயமான கேள்வி. பானட்டை மூடினேன். அவர் பக்கத்துக் கதவைத் திறந்து அவர் இருக்கையில் உட்கார்ந்து, கதவையும் ஜன்னலையும் மூடிக்கொண்டேன்.

இத்தனை வருஷத்தில் என் காரில் நான் இடப்பக்கம் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். உட்கார்ந்த பிறகுதான் அதுவே உறைத்தது. அந்த இருக்கை அவர் உடம்புக்குத் தகுந்தபடி குழிந்திருந்தது. அங்கிருந்து பார்த்தால் வேக முள் தெரியாது, ஸ்டீரிங் பிடிக்கிறவளின் பக்கவாட்டு முகம் நன்றாகத் தெரியும். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கதவுப் பையில் விட்டேன். கண்ணாடிக் குப்பிகள் உருண்டன. எடுத்துப் பார்த்தால் தலைவலித் தைலம். எல்லாம் காலி.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே கால் பக்கத்திலிருந்து சாம்பிராணி வாசனை வந்தது. குனிந்தேன். என்னுடைய பெருமைமிகு கார்ப்பெட்டின் ஓரத்திலிருந்து நூல் போலப் புகை ஏறிக்கொண்டிருந்தது. கார்ப்பெட்டைப் பிடித்து உரித்தேன். ஹீட்டர் குழாய்கள் போய்வந்த இரண்டு ஓட்டைகளும் அப்படியே திறந்து கிடந்தன. இஞ்சின் பக்கத்து வாசல், நேராக அவர் முகத்துக்கு. இங்கிலாந்துக் குளிருக்கு வைத்ததைப் புந்தோங் வெயிலுக்குக் கழற்றிய நான், ஓட்டையை அடைக்க மறந்து அதன் மேல் அலங்காரம் செய்து வைத்திருக்கிறேன்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். குப்பிகளை அவர் முன்னால் நீட்டினேன்.

"இதெல்லாம் எப்பலருந்து? ஏன் என்கிட்ட சொல்லல?"

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டுப் பாயைப் பார்த்தார். பாய் உடனே விசிறியில் ஏதோ வேலை இருப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்.

"நீ ஓட்டும்போது பாடுவ" என்றார் அவர். "தல வலிக்குதுன்னு சொன்னா நிறுத்திருவ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் புகை என்று சொல்லிச் சமாளித்தேன். அன்றைக்கு அங்கே புகைக்குப் பஞ்சமில்லை என்பதால் யாரும் மறுக்கவில்லை.

பாயின் காரிலிருந்து நல்ல பற்றுப்பட்டை ஒன்று கிடைத்தது. புது வளையம் வைத்து இணைப்பை இறுக்கினோம். இரண்டு ஓட்டைகளுக்கும் தகரம் வெட்டி, ரிவெட் அடித்து, ஓரமெல்லாம் பசை பூசினேன். மறுபடி சாம்பிராணி ஊதினோம். அடியில் ஒன்றும் இல்லை, கால் பக்கத்தில் ஒன்றும் இல்லை, பின்னால் ஈரத்துணியைப் பிய்த்துக்கொண்டு வந்ததுதான் மிச்சம். ஞாயிறு காலை ஸ்டார்ட் செய்தபோது டிக் டிக் இல்லை. அந்த அமைதியை நின்று அனுபவித்தேன்.

அப்போதும் அவரை ஏற்றவில்லை. அந்த ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போகவில்லை. பாயை ஓட்டச் சொல்லி, நான் இடப்பக்கம் உட்கார்ந்து, ஜன்னல்களை எல்லாம் ஏற்றிவிட்டு கோப்பெங் வரை போய் வந்தேன். வழி நெடுக மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தேன். வியர்வையில் நனைந்துபோனேனே தவிர தலை வலிக்கவில்லை. பாய் என் காரை ஓட்டுகிற விதம்தான் தாங்கமுடியவில்லை. அதை அவரிடம் சொல்லியும்விட்டேன்.

அடுத்த ஞாயிறு அவர் மோட்டார் தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு வந்து ஏறினார். சிம்பாங் பூலாய் தாண்டியது, கண் சொருகவில்லை. கம்பார் தாண்டியது, வாய் திறந்துதான் இருந்தது, ஆனால் பேச்சுக்காக. தாப்பாவில் எப்போது இந்தக் கட்டடம் வந்தது, முன்னால் போகிற லாரிக்காரனுக்கு ஏன் இடம் விட்டாய், மூன்றாம் கியரில் இவ்வளவு நேரம் ஏன் போகிறாய். ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்ட தோட்டத்தைப் பார்த்து, "இத எப்ப மாத்துனாங்க?" என்று கேட்டார். நாங்கள் அந்த வழியாகப் போக ஆரம்பித்த காலத்திலிருந்து அது செம்பனைதான். ஆளை வாயை மூடச் சொல்லலாமா என்று ஒரு கட்டத்தில் எனக்குத் தோன்றியது உண்மை. ஆனால் அன்றைக்கு அக்கா வீட்டு வாசலில் நான் ஹாரன் அடிக்கவேண்டியிருக்கவில்லை. இவர் குரலைக் கேட்டே அவள் வெளியே வந்துவிட்டாள்.

திரும்பி வரும்போது மீன் குழம்பும் மாலை வெயிலும் சேர்ந்துகொண்டன. நான் பாடிக்கொண்டே ஓட்டினேன். பீடோர் நெருங்கியபோது பக்கத்தில் பேச்சு நின்றுபோனதைக் கவனித்தேன். பார்த்தால் தலை சாய்ந்திருந்தது. கண் மூடி, வாய் லேசாகத் திறந்து, பழையபடியே.

பாட்டை நிறுத்தினேன். கொய்யா விற்கிற ஒரு கொட்டகைக்கு முன்னால் வண்டியை ஓரம்கட்டினேன். கொய்யாக்காரப் பெண் எழுந்து வந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏங்க! ஏங்க! தல வலிக்குதா?"

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"தல வலிக்கல. தூக்கம் வருது. நாளைக்கி ராத்திரி வேலை இருக்குல்ல? விடு லா."

குனிந்து அவர் கால் பக்கத்தில் மோந்து பார்த்தேன். திரும்ப ஒட்டிய கார்ப்பெட்டின் பசை வாசனை மட்டும்தான் இருந்தது. நிறுத்திய பாவத்துக்கு ஒரு பை கொய்யா வாங்கிப் பின்னிருக்கையில் போட்டேன். வண்டியை எடுத்து, அவர் தூங்கட்டும் என்று சத்தமில்லாமல் ஓட்டினேன்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். கண்ணைத் திறக்காமலேயே கேட்டார்.

"பாட்ட ஏன் நிறுத்திட்ட?"